வானுக்குப் பூட்டு!

வானத்துக்குக் கதவு கிடையாது. கதவில்லாத இடத்திலே பூட்டுக்கு என்ன வேலை? எவருக்கும் இப்படித்தான் கேட்கத் தோன்றும். ஆனால், தோழர்களே, அந்த வானத்துக்கும் பூட்டுப் போட முனைந்தார் ஒருவர். கம்பி இல்லாமல் செய்தியை வெளியிலே பறக்கவிட்டு உலகத்தை வியப்பில் ஆழ்த்தினாரே, அவரேதான் அந்தப் பூட்டையும் செய்தவர்! காலம் சுழன்றது. அதே பூட்டை இன்னொரு வல்லரசு பிடுங்கி, அவர் வாயிலிலேயே மாட்டிவிட்டு, சாவியை இடுப்பிலே செருகிக்கொண்டது.

அவர்தான் குக்லியெல்மோ மார்க்கோனி.

பள்ளிப் புத்தகத்திலே அவரைச் சந்தித்திருப்பீர்கள். வானொலியின் தந்தை என்று ஒரு வரி, பக்கத்திலே ஒரு படம், தேர்விலே ஒரு மதிப்பெண். அத்தோடு அவர் கதை முடிந்துவிடும். ஆனால் அந்த வாழ்க்கையை முழுதும் விரித்துப் பார்த்தால், விஞ்ஞானம் அதிலே பாதிதான். மீதிப் பாதி, சந்தை என்றும் நாட்டுப் பாதுகாப்பு என்றும் சொல்லிக்கொண்டு வல்லரசுகள் ஒன்றையொன்று எப்படி மடக்குகின்றன என்ற பாடம்.

அந்தப் பாடம் இன்று ஏன் தேவை? 2019 மே திங்களில், ஹுவாவே என்ற சீனக் கம்பெனியை அமெரிக்க அரசு வணிகத் தடைப் பட்டியலில் சேர்த்தது. 2020 ஜூலையில் பிரிட்டன், அந்தக் கம்பெனியின் கருவிகளைத் தன் 5ஜி வலையிலிருந்து 2027 முடிவதற்குள் அடியோடு அகற்றுவது என்று தீர்மானித்தது. சந்தையை அகலத் திறவுங்கள் என்று உலகுக்கெல்லாம் உபதேசம் செய்தவர்கள், பாதுகாப்பு என்று சொல்லித் தம் கதவைச் சாத்துகிறார்கள். கூகுளையும் பேஸ்புக்கையும் தன் எல்லைக்குள் நுழையவிடாத சீனமோ, வாணிப உரிமை பறிபோயிற்றே என்று முறையிடுகிறது! மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி. யார் பக்கம் நியாயம் என்று கேட்பதற்கு முன்னால், இந்த வழக்கு எத்தனை பழையது என்று பார்த்துவிடுவோம்.

மலைக்கு அப்பால் ஒரு வேட்டு

1874 ஏப்ரல் 25-ஆம் நாள் இத்தாலியின் பொலோனா நகரில் பிறந்தார் மார்க்கோனி. தந்தை நிலபுலம் உள்ள செல்வர். தாய் அயர்லாந்துப் பெண்மணி. விஸ்கி வடித்துப் பெரும் பொருள் ஈட்டிய ஜேம்சன் குடும்பத்தைச் சேர்ந்தவர். தாய்வழி வந்த அந்த ஆங்கிலத் தொடர்பு பின்னால் பெரிதாக உதவியது.

பல்கலைக் கழகப் பட்டம் எதுவும் அவரிடம் இல்லை. மின்காந்த அலைகள் உண்டு என்பதை ஜெர்மனியின் ஹெர்ட்ஸ் 1888 வாக்கில் ஆய்வுக்கூடத்தில் மெய்ப்பித்திருந்தார். பிரான்சில் பிரான்லி, இங்கிலாந்தில் லாட்ஜ், இரஷ்யாவில் போப்போவ் என்று ஆளுக்கொரு படி ஏற்றி வைத்திருந்தார்கள். நம் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், 1895-இல், சுவர்களைத் துளைத்துச் சென்ற அலையால் தொலைவிலே மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். அறிவு பல நாட்டார் கூடி வளர்த்த பயிர். காப்புரிமை தேடி ஓடுவதிலே போசுக்கு நாட்டமில்லை. மார்க்கோனிக்கு அதிலேதான் நாட்டம். வேறுபாடு அங்கே தொடங்குகிறது.

1895. பொன்டெக்கியோவில் இருந்த தந்தையின் பண்ணை வீடு. மாடி அறையிலே கருவி. குன்றுக்கு மறுபுறம், துப்பாக்கியோடு நின்றுகொண்டிருந்தார் அண்ணன் அல்ஃபோன்சோ. செய்தி வந்தால் சுட வேண்டும் என்பது ஏற்பாடு. வேட்டுச் சத்தம் கேட்டது! கண்ணுக்குத் தெரியாத அலை குன்றைக் கடந்துவிட்டது. அப்போது மார்க்கோனிக்கு வயது 21.

மறு ஆண்டே இலண்டனுக்குப் புறப்பட்டார். ஏன் இலண்டன்? கப்பல் அங்கேதான் இருந்தது. காசு அங்கேதான் இருந்தது. கடலடிக் கம்பிகளிலே பெரும்பகுதியும் அந்நாட்டாரிடம்தான் இருந்தது. துறைமுகத்திலே இறங்கியதும் சுங்க அதிகாரிகள் அவருடைய பெட்டியைக் குடைந்து கருவியைக் கெடுத்துவிட்டார்கள் என்று அவர் வரலாற்றை எழுதியோர் சொல்கிறார்கள். புதுக் கருவி ஓர் அரசின் எல்லையைத் தொட்டவுடன் கிடைத்த முதல் வரவேற்பு, சந்தேகம்!

1896 ஜூனில் காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டார். அஞ்சல் துறையின் தலைமைப் பொறியாளர் பிரீஸ் அவரைத் தட்டிக் கொடுத்தார். 1897 மே திங்களில் பிரிஸ்டல் கால்வாயில், லாவர்னாக் முனையிலிருந்து ஃப்ளாட் ஹோம் தீவுக்குக் கடல்மேல் செய்தி சென்றது. தொலைவு சுமார் 5 கிலோமீட்டர்.

அந்தச் சோதனையைப் பார்த்தவர்களிலே ஒருவர் ஜெர்மன் பேராசிரியர் ஸ்லாபி. விருந்தாளியாக வந்தார், பார்த்தார், வியந்தார், பாராட்டினார். பெர்லின் திரும்பியதும் தாமே கருவி செய்யத் தொடங்கிவிட்டார். கெய்சர் மன்னர் ஊக்கம் தந்தார். ஸ்லாபியும் ஆர்க்கோ பிரபுவும் ஒரு பக்கம், பிரௌன் என்ற பேராசிரியர் இன்னொரு பக்கம் என்று ஜெர்மனியிலே இரண்டு முறைகள் முளைத்தன. களவு என்றார்கள் ஆங்கிலேயர். ஆராய்ச்சி என்றார்கள் ஜெர்மானியர்.

விற்பனை இல்லை, வாடகைதான்

1897 ஜூலையில் மார்க்கோனியின் கம்பெனி பிறந்தது. 1899-இல் ஆங்கிலக் கால்வாயைச் செய்தி கடந்தது. 1900-இல் பிரிட்டிஷ் கடற்படை 32 கருவிகளுக்கு ஒப்பந்தம் போட்டது. கப்பல்களுக்கென்றே தனியாக ஒரு கம்பெனியும் அதே ஆண்டில் தோன்றியது.

இங்கேதான் பூட்டு வருகிறது.

கருவியைக் கப்பல் முதலாளிக்கு விற்கமாட்டோம், வாடகைக்கு விடுவோம். கருவியை இயக்கும் ஆளையும் நாங்களே அனுப்புவோம். அந்த ஆள் மார்க்கோனி நிலையங்களோடும் மார்க்கோனி கருவி பூட்டிய கப்பல்களோடும் மட்டுமே பேசுவான். இதுதான் ஏற்பாடு. கூலிக்குத் தந்தி அனுப்பும் உரிமை பிரிட்டனில் அஞ்சல் துறைக்கே உரியது. ஒரே கம்பெனிக்குள் நடக்கும் பேச்சுக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே சட்டத்தின் சந்திலே நுழைந்து போக இந்த வாடகை முறை வழி செய்தது. அதோடு, போட்டியாளர் எவரும் கரையேற முடியாத அகழியாகவும் அமைந்தது. 1901-இல், உலகக் கப்பல்களின் செய்தியைத் திரட்டி வந்த இலாயிட்ஸ் நிறுவனம் 14 ஆண்டுகளுக்கு மார்க்கோனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அகழிக்கு மதிலும் எழும்பியது.

ஒரு சந்தை இருக்கிறது. யாரும் வரலாம். ஆனால் ஒரே ஒரு கடையிலே செருப்பு வாங்கியவன்தான் அந்தத் தெருவிலே நடக்கலாம் என்றால், அது சந்தையா? மார்க்கோனி கட்டியது அப்படி ஒரு தெரு. அவர் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. கரை நிலையங்களை எழுப்பப் பணம் கொட்டியவர் அவர்; பணம் போடாதவன் பலனைப் பங்கு கேட்பது முறையா என்று அவருடைய கம்பெனி வாதாடியது. தந்தி விலைக்குரிய சரக்காக இருக்கும் வரையில் அந்த வாதத்திலே உயிர் இருந்தது. மூழ்கும் கப்பலின் அபயக் குரல் விலைக்குரிய சரக்கா? அந்தக் கேள்வி பின்னால் வந்தது, பயங்கரமாக வந்தது.

1901 டிசம்பர் 12. நியூஃபவுண்ட்லாந்தின் சிக்னல் ஹில் குன்று. குளிர் காற்று, காற்றாடியிலே கட்டிய கம்பி, காதிலே ஒலிவாங்கி. அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் இங்கிலாந்தின் போல்டு நிலையத்திலிருந்து மூன்று புள்ளிகள், எஸ் என்ற எழுத்து, கேட்டுவிட்டதாக மார்க்கோனி அறிவித்தார். உலகம் கைதட்டியது.

கைதட்டு ஓய்வதற்குள் வந்தது வக்கீல் கடிதம்! ஆங்கிலோ-அமெரிக்கன் தந்திக் கம்பெனி என்பது கடலடிக் கம்பிக்காரர்களின் நிறுவனம். நியூஃபவுண்ட்லாந்தில் தந்தித் தொழிலுக்கு எங்களுக்கே தனியுரிமை, சோதனையை நிறுத்து, இல்லையேல் வழக்கு என்றது அது. பூட்டுக்காரரை இன்னொரு பூட்டுக்காரர் மடக்கினார். அருகிலிருந்த கனடா அழைத்தது. 80,000 டாலர் தந்து நோவா ஸ்கோஷியாவில் நிலையம் கட்ட உதவியது. ஓரிடத்திலே கதவு சாத்தினால் மற்றோர் இடத்திலே திறக்கும் என்பதை அன்றே அவர் கண்டார். ஆனால் தம் கதவைத் திறக்கவில்லை.

இளவரசருக்கு வந்த அவமானம்

1902-இல், கெய்சரின் தம்பி ஹைன்ரிக் இளவரசர் அமெரிக்கா சென்றார். போகும்போது ஏறிய கப்பலிலே மார்க்கோனி கருவி, வழியெல்லாம் உரையாடல். திரும்பும்போது ஏறிய டாய்ச்லாண்ட் கப்பலில் இருந்ததோ ஸ்லாபி-ஆர்க்கோ கருவி. விடைபெறும் செய்தியை அனுப்ப முயன்றார் இளவரசர். மார்க்கோனி நிலையங்கள் வாய் திறக்கவில்லை.

மாமன்னரின் தம்பிக்கே இந்தக் கதியா! கொதித்தது பெர்லின். 1903 மே திங்களில் ஜெர்மனியின் இரண்டு முறைகளும் கெய்சரின் விருப்பப்படி ஒன்றாக்கப்பட்டன. டெலிஃபுங்கன் பிறந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் ஜெர்மனி கூட்டிய மாநாட்டுக்கு ஒன்பது நாட்டுப் பேராளர்கள் பெர்லின் வந்தார்கள். எந்தக் கம்பெனியின் கருவியானாலும் கரை நிலையம் பதில் சொல்லியாக வேண்டும் என்பதே ஜெர்மனியின் கோரிக்கை. பிரிட்டனும் இத்தாலியும் கையொப்பமிட மறுத்தன.

ஜெர்மனி சுதந்திர வணிகத்தின் காவலனாக அன்று நின்றதைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. கடற்கரைகளும் காலனிகளும் பிரிட்டனிடம். அங்கெல்லாம் மார்க்கோனி நிலையங்கள். பிந்தி வந்தவனுக்குத் திறந்த கதவு தேவை. ஆகவே திறந்த கதவு தர்மமாயிற்று. முந்திக்கொண்டவனுக்குச் சாத்திய கதவு தேவை. ஆகவே சாத்துவது உரிமையாயிற்று. நாடுகளின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, இன்றைய செய்தித்தாளைப் படித்துப் பாருங்கள்!

அதே 1903-இல் இன்னொரு வேடிக்கை. கருவியைத் திருத்திச் சுருதி சேர்த்துவிட்டால் செய்தி இரகசியமாக இருக்கும் என்று மார்க்கோனி தரப்பு பெருமை பேசி வந்தது. ஜூன் திங்களில், இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனிலே பேராசிரியர் ஃபிளெமிங் சொற்பொழிவாற்றினார். மார்க்கோனியின் செய்தி வரவேண்டிய கருவியிலே கேலிச் சொற்கள் தட்டத் தொடங்கின! அனுப்பியவர் மாஸ்கலின் என்ற மாயாஜாலக் கலைஞர். கம்பித் தந்திக் கம்பெனி ஒன்று, மார்க்கோனி நிலையத்தை வேவு பார்க்க ஏற்கெனவே அவரை அமர்த்தியிருந்தது. பாதுகாப்பானது என்று விற்பவன் சொன்னால் மட்டும் போதாது, பகைவன் சோதித்துப் பார்த்தால்தான் தெரியும் என்பதை அன்று கூடியிருந்த அவை கண்ணாரக் கண்டது.

1904-இல் பிரிட்டன், உரிமம் இல்லாமல் எவரும் கம்பியில்லாத் தந்தி நடத்தக் கூடாது என்று சட்டம் செய்தது. 1906-இல் மீண்டும் பெர்லினில் பெரிய மாநாடு. கப்பலுக்கும் கரைக்கும் இடையே, எந்த முறைக் கருவியானாலும் பேசியே தீரவேண்டும் என்ற விதி நிறைவேறியது. பிரிட்டனும் கடைசியில் ஏற்றது. 1908 ஜூலை முதல் விதி நடைமுறைக்கு வந்தது. கப்பலும் கப்பலும் பேச வேண்டும் என்ற கூடுதல் உடன்பாட்டிலோ பிரிட்டன் கையெழுத்திடவில்லை. பூட்டிலே பாதி திறந்தது.

1909-இல் பிரிட்டிஷ் அஞ்சல் துறை, மார்க்கோனி கம்பெனியின் கரை நிலையங்களை 15,000 பவுனுக்கு வாங்கிவிட்டது. அதே ஆண்டில் இயற்பியலுக்கான நோபல் பரிசு. மார்க்கோனிக்குப் பாதி, ஜெர்மனியின் பிரௌனுக்குப் பாதி! சந்தையிலே முகம் பாராதவர்கள், பரிசு மேடையிலே பக்கத்தில் பக்கத்தில்.

பனிக்கடலில் ஓர் இரவு

1912 ஏப்ரல் 14 இரவு. டைட்டானிக்.

அதிலிருந்த தந்தியாளர்கள் பிலிப்ஸ், பிரைட் இருவரும் மார்க்கோனி கம்பெனியின் ஊழியர்கள். பயணிகளின் சொந்தச் செய்திகளை அனுப்பினால் கம்பெனிக்கு வருமானம். அன்றிரவு குவிந்து கிடந்த அந்தச் செய்திகளை நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அனுப்புவதிலே மூழ்கியிருந்தார் பிலிப்ஸ். அருகிலிருந்த கலிஃபோர்னியன் என்ற கப்பல் பனிக்கட்டியைப் பற்றிச் சொல்ல வந்தபோது, குறுக்கிடாதே என்று வாயடைத்தார். அந்தக் கப்பலின் ஒரே தந்தியாளர் கருவியை நிறுத்திவிட்டுப் படுக்கப் போனார். சற்று நேரத்திலே டைட்டானிக் பனிமலையில் மோதியது. அபயக் குரல் வானெங்கும் ஒலித்தது. அண்டையிலிருந்த கப்பலின் செவி அடைத்துக் கிடந்தது. தொலைவிலிருந்த கார்ப்பேத்தியா கேட்டது, விரைந்து வந்தது, எழுநூறுக்கு மேற்பட்டோரைக் காப்பாற்றியது. ஏறத்தாழ 1,500 பேர் கடலுக்கு இரையானார்கள்.

உயிர் பிழைத்தவர்கள் பிழைத்தது மார்க்கோனியின் கருவியால்தான். அதை மறைப்பது நன்றி கொல்லுதல். ஆனால், ஆபத்தைக் கேட்கும் காது ஒரு கம்பெனியின் கணக்குப் புத்தகத்திலே கட்டுண்டு கிடக்கலாமா என்று உலகம் கேட்டது. அதற்கு விடை சொல்ல எவரும் இல்லை. மூன்றே திங்களில், இலண்டன் மாநாட்டிலே, கப்பலும் கப்பலும் கருவி வேறுபாடு பாராமல் பேசியாக வேண்டும் என்று விதி எழுதப்பட்டது. 1906-இல் மறுக்கப்பட்டது 1912-இல் கிடைத்தது. இடையிலே கொடுத்த விலையை எண்ணிப் பாருங்கள்.

அதே ஆண்டு இன்னொரு நாற்றமும் கிளம்பியது. பேரரசு முழுவதையும் இணைக்கும் கம்பியில்லாத் தந்திச் சங்கிலியைக் கட்டும் ஒப்பந்தம் மார்க்கோனி கம்பெனிக்குப் போனது. கம்பெனி நிர்வாகி காட்ஃப்ரி ஐசக்ஸ்; அவருடைய அண்ணன் ரூஃபஸ் ஐசக்ஸ் அரசின் தலைமை வழக்கறிஞர். அவரும் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜும் அமெரிக்க மார்க்கோனிப் பங்குகளை வாங்கியிருந்தது வெளியாயிற்று. பாராளுமன்றமே அமளிப்பட்டது. மார்க்கோனி அந்தச் சேற்றிலே கால் வைத்தவர் அல்லர். ஆனால் பாதுகாப்பு என்ற பெயராலே ஒரே கம்பெனிக்குக் கதவு திறந்தால், அந்தக் கதவு வழியே வேறு சிலரும் நுழைவார்கள் என்பது அன்றே தெரிந்தது.

நண்பனே எதிரியானான்

1914 ஆகஸ்ட். உலகப் போர். போர் தொடங்கிய மறுநாளே பிரிட்டிஷ் கப்பல் ஒன்று கடலடியிலிருந்த ஜெர்மன் கம்பிகளை அறுத்தெறிந்தது. வெளியுலகத்தோடு பேச ஜெர்மனிக்கு வானலையே பெருந்துணை ஆயிற்று. அமெரிக்காவின் சேவில் என்ற ஊரிலே டெலிஃபுங்கனின் நிலையம் இருந்தது. அதன்மேல் மார்க்கோனி தரப்பு காப்புரிமை வழக்குத் தொடுத்தது. 1915-இல் சாட்சி சொல்ல மார்க்கோனி நியூயார்க் போனார். எதிர்த்தரப்புக்குத் துணையாக வந்திருந்தவர் யார்? நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அதே பிரௌன்! இத்தாலி போரிலே இறங்கியதால் மார்க்கோனி நாடு திரும்பினார். பிரௌன் திரும்பவே முடியவில்லை. 1918 ஏப்ரலில், பகை நாடாகிவிட்ட அமெரிக்காவிலேயே, புரூக்ளினில் கண் மூடினார். அறிவுக்கு எல்லையில்லை என்பது மெய்தான்; அறிஞனுக்கு எல்லை இருந்தது.

1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் குதித்தது. கம்பியில்லா நிலையங்கள் எல்லாம் அரசின் பிடிக்குள் வந்தன. நியூ பிரன்ஸ்விக் நகரில் அமெரிக்க மார்க்கோனிக் கம்பெனி கட்டியிருந்த நிலையத்தையும் கடற்படை எடுத்துக்கொண்டது. அங்கே ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் பொறியாளர் அலெக்சாண்டர்சன் ஆக்கிய பேராற்றல் பொறி ஒன்று சுழன்றது. 1918 ஜனவரியில் வில்சன் வெளியிட்ட பதினான்கு அம்சங்கள் அந்த நிலையத்திலிருந்துதான் வானேறின. அவற்றிலே மூன்றாவது அம்சம் என்ன தெரியுமா? நாடுகளுக்கிடையே உள்ள பொருளாதாரத் தடைகளை இயன்றமட்டும் நீக்குவது!

போர் முடிந்தது. 1919-இல் மார்க்கோனி கம்பெனிக்காரர்கள் அந்தப் பொறிகளை வாங்க வந்தார்கள். 24 பொறிகள், ஒன்றின் விலை 1,27,000 டாலர், ஆனால் அவற்றை எங்களுக்கு மட்டுமே தரவேண்டும். மொத்தம் 30 இலட்சம் டாலருக்கு மேல். எந்த வியாபாரி வேண்டாம் என்பான்?

ஏப்ரலில் கடற்படை அதிகாரிகள் புல்லார்டும் ஹூப்பரும் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனிக்கு வந்தார்கள். கடலடிக் கம்பிகள் ஏற்கெனவே பிரிட்டன் கையிலே, வானலையும் போய்விட்டால் அமெரிக்காவின் குரல் என்றென்றும் பிரிட்டனின் குரல்வளை வழியாகவே போகவேண்டும், விற்காதீர்கள் என்றார்கள். தடுக்கச் சட்டம் கிடையாது. எழுத்திலே ஆணை கிடையாது. குடியரசுத் தலைவரே கவலைப்படுகிறார் என்று காதோடு காதாகச் சொல்லப்பட்டது. அது போதுமானதாயிற்று. விற்பனை நின்றது.

பிறகு நடந்தது வெகு வேகம். 1919 அக்டோபர் 17-இல் ஆர்.சி.ஏ. என்ற அமெரிக்க ரேடியோக் கார்ப்பரேஷன் பதிவாயிற்று. மார்க்கோனியின் அமெரிக்கக் கம்பெனியிலே பிரிட்டிஷார் வைத்திருந்த பங்குகள் விலைக்கு வாங்கப்பட்டன. நவம்பரில் அந்தக் கம்பெனி புதுக் கம்பெனிக்குள் கரைந்தது. வெளிநாட்டார் கையில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்றும், இயக்குநர்கள் அமெரிக்கக் குடிமக்களாக இருக்க வேண்டும் என்றும் விதி செய்தார்கள். அந்த 20 விழுக்காடு பின்னர் சட்டமாகி, 1934-ஆம் ஆண்டின் தகவல் தொடர்புச் சட்டத்திலே ஏறியது. இன்றும் அந்தச் சட்டத்திலே இருக்கிறது.

நினைத்துப் பாருங்கள், தோழர்களே. பிரிட்டன் அப்போது அமெரிக்காவின் எதிரியா? ஒரே அணியிலே நின்று போரிட்ட நண்பன்! துப்பாக்கிப் புகை அடங்கி ஐந்தே திங்கள் ஆகியிருந்தது. நேற்றைய தோழனிடம்கூடச் சாவியைக் கொடுக்க அமெரிக்கா தயாராக இல்லை. பிறர் கருவியோடு பேசமாட்டேன் என்று வாயிலைச் சாத்திய மார்க்கோனியின் கம்பெனி, கருவியே வாங்க முடியாமல் வெளியிலே நின்றது.

அமெரிக்கா செய்தது தவறா? தன் செய்தி பிறர் கைப்பிடிக்குள் சிக்கக் கூடாது என்று ஒரு நாடு எண்ணுவதிலே தவறில்லை. ஆனால் தொடர்கதையையும் படிக்க வேண்டும். நாட்டைக் காக்க எழுப்பிய வேலி, பயிரை மேயத் தொடங்கியது. ஆர்.சி.ஏ.யும் அதன் கூட்டாளிகளான பெருங் கம்பெனிகளும் காப்புரிமைகளைக் குவித்துக்கொண்டு ரேடியோத் தொழிலையே ஆட்டிப் படைத்தார்கள். 1930-இல் அமெரிக்க அரசே ஏகபோக எதிர்ப்பு வழக்குப் போட்டது. 1932-இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கும் வெஸ்டிங்ஹவுசும் ஆர்.சி.ஏ.யிலிருந்து விலக நேர்ந்தது. தான் பெற்ற பிள்ளையின் காலுக்குத் தானே விலங்கு பூட்ட வேண்டிய நிலை!

கடைசி அத்தியாயம்

மார்க்கோனி ஓயவில்லை. எலெட்ரா என்ற தம் உல்லாசக் கப்பலையே ஆய்வுக்கூடமாக்கினார். குறுகிய அலைகளை ஒரே திசையில் குவித்து அனுப்பும் முறையை அவரும் அவருடைய பொறியாளர் ஃபிராங்க்ளினும் வளர்த்தார்கள். 1926 அக்டோபரில் கனடாவுக்கும், 1927-இல் ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகியவற்றுக்கும் அந்த வழி திறந்தது. நம் நாட்டிலே பூனாவுக்கருகே கிர்க்கியிலும் தௌந்திலும் நிலையங்கள் எழுந்தன. கட்டணம் குறைந்தது, கடலடிக் கம்பிக் கம்பெனிகள் கதிகலங்கின.

மக்களுக்கு மலிவான தந்தி கிடைத்ததே என்று அரசு மகிழ்ந்ததா? இல்லை. கம்பிகள் போர்க்காலத்துக்கு வேண்டும், அவை நொடித்துப் போகக் கூடாது என்று கூறி, 1929-இல் கம்பியையும் கம்பியில்லாததையும் ஒரே கம்பெனியாகக் கட்டினார்கள். 1934-இல் அதற்குக் கேபிள் அண்டு ஒயர்லெஸ் என்று பெயர் மாறியது. இந்தியாவிலும் இரண்டும் ஒன்றாக்கப்பட்டன. அந்தக் கம்பெனியை 1947-இல் அரசு கையிலெடுத்தது.

மார்க்கோனியின் சொந்த வாழ்விலும் இருள் படர்ந்தது. 1923-இல் முசோலினியின் பாசிசக் கட்சியிலே சேர்ந்தார். 1930-இல் இத்தாலிய ராயல் அகாடமியின் தலைவரானார். 1935-இல் அபிசீனியாவின்மேல் முசோலினி படையெடுத்தபோது, உலகத்துக்கு அதை நியாயப்படுத்தப் புறப்பட்டார். பிரிட்டிஷ் மக்களிடம் வானொலியிலே பேச விரும்பினார், பி.பி.சி. இடம் தர மறுத்தது. 1922-இல் அந்த பி.பி.சி.யைத் தோற்றுவித்த கம்பெனிகளிலே ஒன்று மார்க்கோனியின் கம்பெனி! உலகத்துக்கு வாய் கொடுத்தவர் வாயடைத்து நின்றார். எளிய நாட்டை அழித்த கொடுமைக்கு வக்காலத்து வாங்கியது அவர் புகழிலே படிந்த கறை. எந்த நோபல் பரிசும் அதைக் கழுவாது.

1937 ஜூலை 20-இல் உரோமில் உயிர் பிரிந்தது. மறுநாள், பிரிட்டனின் அஞ்சல் துறை நிலையங்களும் வானொலியும் இரண்டு நிமிடம் மௌனம் காத்தன. கடலெங்கும் அலைகள் அடங்கின. அவர் வாழ்நாளெல்லாம் ஒலியால் நிரப்பிய வெளி, அவருக்காக வெறுமையாயிற்று.

இணைப்பு வேறு, சாவி வேறு

இந்த வாழ்க்கை நமக்குச் சொல்வது என்ன? தகவல் தொடர்பு வணிகத்திலே இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. வல்லரசுகள் வேண்டுமென்றே இரண்டையும் குழப்புகின்றன.

ஒன்று, இணைப்பு. ஒருவன் கருவி மற்றவன் கருவியோடு பேச வேண்டுமா? பேசித்தான் ஆக வேண்டும். அதற்குப் பூட்டுப் போடுபவன் நாட்டைக் காப்பவன் அல்லன், கல்லாப்பெட்டியைக் காப்பவன். 1912-ஆம் ஆண்டின் கடல் அதை எழுதி வைத்திருக்கிறது.

மற்றொன்று, சாவி. நாட்டின் செய்தி ஓடும் பாதையை யார் ஆள்வது? அதைக் காக்க ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமை உண்டு. ஆனால் அந்தக் காவல் காதோடு காதாக நடக்கக் கூடாது. காரணம் காட்டப்பட வேண்டும், சட்டமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும், எவனோ ஒரு முதலாளியின் ஏகபோகத்துக்கு அது கூரையாகக் கூடாது.

நம் இந்தியாவும் 2020 டிசம்பரில் இதற்கென ஒரு முடிவெடுத்தது. நம்பகமான இடத்திலிருந்து வாங்கிய கருவிகளை மட்டுமே தொலைத்தொடர்பு வலையிலே புதிதாகப் பொருத்த வேண்டும் என்ற விதி 2021 ஜூன் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. நல்லதுதான். ஆனால் நம்பகமானவன் யார்? 1918-இல் அமெரிக்காவுக்குப் பிரிட்டன் நம்பகமான தோழன். 1919-இல் அஞ்சத்தக்க போட்டியாளன். பட்டியல் காற்றடிக்கும் பக்கம் சாயும். சாயாதது ஒன்றுதான்: சொந்தக் கை, சொந்த மூளை.

1984-இல் தோன்றிய சி-டாட் நிறுவனம், குளிர்சாதன வசதி இல்லாத கிராமத்து வெயிலிலும் இயங்கக்கூடிய தொலைபேசி இணைப்பகத்தை நம் பொறியாளர்களைக் கொண்டே ஆக்கிக் காட்டியது. அந்த வழியிலே தொடர்ந்து நடக்கிறோமா? நம் கல்லூரிகளிலே ஆண்டுதோறும் பட்டம் பெறும் பிள்ளைகள் வானலைக் கருவியைப் படைக்கப் போகிறார்களா, வாங்கிய கருவிக்கு விசை தட்டப் போகிறார்களா?

ஒரு வல்லரசு திறந்த சந்தை என்று முழங்கும். இன்னொன்று தேசப் பாதுகாப்பு என்று முழங்கும். நாளை இருவரும் முழக்கத்தை மாற்றிக்கொள்வார்கள். முழக்கத்தைக் கேட்டு மயங்காமல், சாவி யார் இடுப்பிலே தொங்குகிறது என்று பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பார்த்த பிறகு, நமக்கென்று ஒரு சாவி செய்யவும் கற்றுக்கொள்ள வேண்டும்.